நேரே போக நாலு விளக்கு

போக்குவரத்து அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், சுவரோரமாகப் போட்டிருந்த நீல நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். கையில் நாற்பத்தேழு என்று அச்சிட்ட சீட்டு. எதிரே தொங்கிய பலகையில் நாற்பத்து மூன்று எரிந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் ஏதோ காகிதத்துக்கு நகல் எடுக்கக் கீழே போயிருந்தார். போவதற்கு முன் குனிந்து, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. நீயா எதையும் ஆரம்பிக்காத," என்றார். இருபது நாளாக இதே பாட்டுத்தான். பால் காய்ச்சும்போதும் இது, துணி மடிக்கும்போதும் இது. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

என்னிடம் கேட்கப்போவது ஒரே கேள்வி. ரவுண்டானாவுக்குள் நான் இண்டிகேட்டர் போட்டேனா, இல்லையா? போடவில்லை என்று ஏற்கெனவே எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. அதிகாரி முன்னால் இன்னொரு முறை "ஆமாம், போடவில்லை" என்று சொல்லிவிட்டால் என் லைசென்ஸ் பிழைத்துவிடும்.

ஆனால் நான் போட்டேன்.

வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பது என் வேலை. நடக்க முடியாதவர்கள், படுக்கையோடு இருப்பவர்கள், ஒரு நாளைக்குப் பதினாலு வீடு. மற்றவர்கள் நாலு இடத்தில் குத்திவிட்டுக் கைவிட்ட நரம்பை நான் ஒரே தடவையில் பிடிப்பேன்; இதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. ஆனால் அந்தத் திமிர் வீடு வீடாகப் போய்ச் சேரக் கார் வேண்டும். ஊசிப்பெட்டி, குழாய்கள், ரத்தம் வைக்கும் குளிர்பெட்டி எல்லாம் காருக்குள்தான். வீட்டுக்காரரின் படிப்பை இங்கே ஒப்புக்கொள்ள அவர் இன்னும் இரண்டு பரீட்சை எழுத வேண்டும். அதுவரை என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. இந்த நாட்டில் லைசென்ஸ் வாங்கிய முதல் வருடத்துக்குள் ஒரு விபத்தில் நம் மேல் தவறு என்று ஆகிவிட்டால், அதைப் பிடுங்கிக்கொள்வார்கள். மறுபடி தேர்வு எழுத ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். நான் லைசென்ஸ் வாங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

வண்டி ஓட்டத் தெரியாதவள் இல்லை நான். ஊரில் பதினோரு வருடம் ஓட்டியிருக்கிறேன். அங்கே இடப்பக்கம், இங்கே வலப்பக்கம். அதைக்கூடப் பத்து நாளில் பழகிவிட்டேன். ரவுண்டானாதான் என் உயிரை எடுத்தது. ஊரில் ரவுண்டானா என்றால் நடுவில் ஒரு செடித்திட்டு, யாருக்குத் துணிச்சல் அதிகமோ அவர் முதலில். இங்கே அதற்கென்று ஒரு வேதமே வைத்திருக்கிறார்கள். முதல் வழியில் வெளியேறுகிறவர் வெளித் தடத்தில் போக வேண்டும். சுற்றிக்கொண்டு போகிறவர் உள் தடம். நேரே போகிறவர் எந்தத் தடம் என்று நுழைவதற்கு முன்னால் தரையில் அம்பு போட்டிருக்கும், அதைப் பார்க்க வேண்டும். உள்ளே இருப்பவருக்குத்தான் முன்னுரிமை, நுழைகிறவர் நிற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக அந்த வலது இண்டிகேட்டர். நாம் வெளியேறும் வழிக்கு முந்தின வழியைத் தாண்டிய பிறகுதான் அதைப் போட வேண்டும். முன்னாலேயே போட்டால், அங்கே காத்திருக்கிறவன் நாம் வெளியேறுகிறோம் என்று நம்பி உள்ளே வந்துவிடுவான். சாப்பாட்டுத் தட்டை மேசையில் கவிழ்த்து, மாத்திரை அட்டையைக் கார் என்று வைத்துக்கொண்டு, அதைச் சுற்றிச் சுற்றி நகர்த்திப் படித்தேன். மூன்றாவது தடவையில்தான் தேறினேன். வீட்டுக்காரர் அந்தத் தட்டை ஒரு வாரம் 'உன் ரவுண்டானா' என்றே கூப்பிட்டார்.

அன்று காலை ஒன்பது மணி. அவரை வகுப்பில் இறக்கிவிடப் போய்க்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ரவுண்டானாவில் நுழைந்ததும், சரியான தடத்தில்தான் வந்தேனா என்று திடீரென்று ஒரு சந்தேகம். பின்னால் ஒரு லாரிக்காரன் ஹார்ன் அடித்தான். தட்டு, மாத்திரை அட்டை எல்லாம் மறந்துபோயிற்று. கை மட்டும் எதையும் மறக்கவில்லை. தானாகப் போய் நடுவிலிருந்த சிவப்பு முக்கோணப் பொத்தானை அமுக்கியது.

ஊரில் நாற்சந்தியில் நேரே போகிறவர்கள் நாலு இண்டிகேட்டரையும் போடுவோம். இந்தப் பக்கமும் திரும்பவில்லை, அந்தப் பக்கமும் திரும்பவில்லை, நேரே போகிறேன், வழி விடு என்று அர்த்தம். எந்தப் புத்தகத்திலும் இது கிடையாது. ஆனால் லாரிக்காரரிலிருந்து டாக்டர் வரை எல்லாரும் போடுவார்கள்.

முதல் வழியின் வாயில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றுகொண்டிருந்தது. பின்னால் சாப்பாட்டுப் பெட்டி கட்டிய டெலிவரி வண்டி. வளைந்து வரும் என் காரின் வலப்பக்கம் மட்டும்தான் அவனுக்குத் தெரிந்திருக்கும். அங்கே ஒரு விளக்கு மஞ்சளாக மின்னுகிறது. சரி, இந்த அம்மா நம் பக்கமே வெளியேறுகிறாள் என்று அவன் உள்ளே வந்தான். நான் நேரே போனேன்.

பெரிய சத்தமெல்லாம் கேட்கவில்லை. அவன் பின்சக்கரத்தில் என் பம்பர் பட்டது. வண்டி சாய்ந்து அவன் கால் மேல் விழுந்தது. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து "அம்மா" என்று ஒரு குரல் வந்தது. நம் ஆள்.

போலீஸ்காரர் வந்தபோதும் நாலு விளக்கும் மின்னிக்கொண்டுதான் இருந்தன. விபத்து நடந்தால் அதைப் போட்டுவைப்பதுதான் இங்கே முறை. "நல்லது, உடனே போட்டுட்டீங்க," என்று பாராட்டக்கூடச் செய்தார். மோதுவதற்கு முன் இண்டிகேட்டர் போட்டிருந்தீர்களா என்று கேட்டபோது, வீட்டுக்காரர்தான் முந்திக்கொண்டார். "இல்ல சார், நேராத்தானே போனோம், எதுவும் போடல." போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். நான் பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினேன். அதையே எழுதிக்கொண்டு என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். அங்கே கேமராவும் இல்லை. லாரிக்காரனும் போய்விட்டான்.

"அவன் நின்னுதான் வரணும். சட்டமே அதுதான். நீ லைட் போட்டா என்ன, போடலன்னா என்ன?" என்று வீட்டுக்காரர் அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டார். முழுப் பொய்யும் இல்லை அது. ஆனால் நான் தவறான விளக்குப் போட்டது தெரிந்தால், தவறில் பாதி என் தலையில் விழும். பாதி விழுந்தாலே லைசென்ஸ் போய்விடும்.

பலகையில் நாற்பத்து நாலு வந்தது. லிஃப்ட் திறந்து, இரண்டு ஊன்றுகோலோடு அவன் வந்தான். கூடவே அவன் மனைவி. எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார்கள். ஹெல்மெட் இல்லாமல் பார்த்தால் முப்பது வயதுகூட இருக்காது. என்னை அவன் கவனிக்கவில்லை. ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு பலகையைப் பார்த்தான். பிறகு மற்றக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான்.

"அது நாப்பத்து நாலுதானே?" என்றான்.

"நாலுதான். சும்மா இருங்க. வந்ததுலேர்ந்து பாத்துக்கிட்டே இருக்கீங்க." அவள் தண்ணீர் பிடிக்க எழுந்து போனாள்.

அப்போதுதான் அவன் திரும்பினான். எழுந்து போய்விடலாம் என்று நினைப்பதற்குள் கேட்டுவிட்டான்.

"அக்கா, நீங்கதானே அன்னிக்குக் கார்ல?"

"ஆமா."

"மன்னிச்சிடுங்கக்கா. உங்கள இங்க வரைக்கும் அலைய வெச்சுட்டேன்."

கால் உடைந்தவன் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறான். எனக்கு வந்தது கோபம்தான். இவ்வளவு நல்லவனாக இருந்து தொலைக்க வேண்டுமா? நாலு வார்த்தை திட்டியிருந்தால், நானும் சட்டத்தைப் பேசிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பேன்.

"கால் எப்படி இருக்கு?" என்று கேட்டுவைத்தேன்.

"கால் கூடிடும்கா. அது இல்ல எனக்குப் பிரச்சினை." குரலைத் தாழ்த்தினான். "வலது பக்கம் லைட் எரிஞ்சத நான் பாத்தேன்னு நெனச்சேன். மஞ்சளா, ரெண்டு தடவ. போலீஸ்லயும் அப்படித்தான் சொன்னேன். நீங்க போடலன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. நீங்க எதுக்குக்கா பொய் சொல்லப் போறீங்க? கண் டாக்டர் கண்ணு நல்லாத்தான் இருக்குங்கறாரு. அப்ப தலையில ஏதாவதான்னு ஸ்கேன் எழுதியிருக்காரு. இவ என்னடான்னா, ரெண்டு ஷிப்டு ஓட்டி மூளை கலங்கிடுச்சுங்கறா."

நான் கையிலிருந்த சீட்டை மடித்தேன்.

"இப்பல்லாம் ரோட்டக் கடக்கவே பயமா இருக்கு. பச்சை எரிஞ்சாலும் இவகிட்ட கேட்டுக்கிட்டுத்தான் காலை வைக்கறேன். இல்லாதது கண்ணுக்குத் தெரியுதுன்னா, இருக்கறது தெரியாமப் போயிட்டா?" சிரிக்கப் பார்த்தான். "சரி, நான் பாத்தது தப்புன்னு இன்னிக்கு எழுதிக் குடுத்துடலாம்னு வந்தேன். அப்புறம் கம்பெனில வண்டி தரமாட்டாங்க. தராம இருக்கறதும் நல்லதுதான், இன்னொருத்தர் மேல போய் விட்டுட்டா?"

காலை உடைத்தது விபத்து. அவன் கண்ணைப் பிடுங்கியது நான்.

"லைட் எரிஞ்சுதுப்பா," என்றேன்.

அவன் புரியாமல் பார்த்தான்.

"நீ பாத்தது சரி. எரிஞ்சுது. நாலும் போட்டேன். கை தானாப் போயிடுச்சு. ஊர்ல போடுவோமே..."

"நேரா போறதுக்கு," என்று அவனே முடித்தான். வாய் திறந்தபடி இருந்தது. "நாலுமா போட்டீங்க?"

"நாலும்."

"எனக்கு ஒண்ணுதான்கா தெரிஞ்சுது." ஊன்றுகோல் ஒன்று நழுவி விழுந்தது, அவன் எடுக்கவில்லை. "நானும் போடுவேன்கா, ஊர்ல. ஐயோ, நானும்தான் போடுவேன்." கண்ணை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். அழுகிறான் என்று அவன் தோள் குலுங்கிய பிறகுதான் தெரிந்தது.

மனைவி தண்ணீர்க் கோப்பையோடு ஓடி வந்தாள். "என்னாச்சு? வலிக்குதா?"

"அக்கா, அதை இன்னொரு தடவ சொல்லுங்க," என்றான். "இவ கேக்கணும்."

சொன்னேன். இரண்டாம் தடவை இன்னும் கஷ்டமாக இருந்தது. அவள் கோப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "மூணு வாரம். கட்டின புருஷன நானே பைத்தியம்னு சொன்னேன். நீங்கெல்லாம் மனுஷங்களா?" என்றாள். உரக்கக்கூடக் கத்தவில்லை. சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நாற்பத்தேழு எரிந்தபோது வீட்டுக்காரர் நகல்களோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். அந்த மூன்று முகங்களைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. "என்ன பண்ணின நீ?" என்று மட்டும் கேட்டார்.

உள்ளே இருந்த அதிகாரி கண்ணாடி போட்ட ஒரு நடுவயதுப் பெண்மணி. என் கையெழுத்துப் போட்ட தாளை என் பக்கம் தள்ளினார். "இதுல இருக்கறது சரிதானே?"

"சரிதான்," என்றார் வீட்டுக்காரர்.

"சரியில்ல," என்றேன் நான். "இண்டிகேட்டர் போட்டேன்."

"எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நேரே போவதற்கு எங்கள் ஊரில் நாலு விளக்குப் போடுவோம் என்று விளக்கினேன். அவருக்கு அது பாதிகூடப் புரியவில்லை. எச்சரிக்கை விளக்கு எப்படி நேரே போவதற்கு ஆகும் என்று இரண்டு முறை கேட்டார். யோசித்தால் எனக்கும் புரியவில்லைதான். கடைசியில், "முதல்ல ஏன் போடலன்னு எழுதிக் குடுத்தீங்க?" என்றார்.

வீட்டுக்காரர் நகல்களை மேசை ஓரத்தில் அடுக்க ஆரம்பித்தார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

"பயம்," என்றேன்.

லைசென்ஸை மேசை மேல் வைக்கச் சொன்னார். பொய் எழுதியதற்குத் தனியாகக் கடிதம் வரும் என்றார். அதுவரை வண்டியைத் தொடக்கூடாது.

வண்டி கீழே நின்றது. வீட்டுக்காரருக்கு இங்கே லைசென்ஸ் கிடையாது. பின்சீட்டிலிருந்து குளிர்பெட்டியை எடுத்துக்கொண்டு எதிரேயிருந்த பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். மதியத்துக்கு ஏழு வீடு பாக்கி இருந்தது. ஆபீஸுக்குப் போன் பண்ணி வரமுடியாது என்றேன். நாளைக்கு என்று கேட்டார்கள். நாளைக்கும் முடியாது என்றேன்.

வீட்டுக்காரர் என் கையிலிருந்து குளிர்பெட்டியை வாங்கிக்கொண்டார். பிறகு, "இனிமே என்ன பண்ணப் போறோம்?" என்றார். திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது. உண்மையிலேயே என்னிடம் யோசனை கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மனசு லேசாகிவிட்டது என்றெல்லாம் சொல்லமாட்டேன்.

பஸ் வருவதற்குள் அவனும் அவன் மனைவியும் அலுவலகத்திலிருந்து வெளியே வந்தார்கள். எதிர்ச்சாரியில், சாலையைக் கடக்கும் இடத்தில் நின்றார்கள். அவள் அவன் முழங்கையைப் பிடித்திருந்தாள். சிவப்பு எரிந்துகொண்டிருந்தது.

பச்சை வந்தது. அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், கேட்பான் என்று. அவன் கேட்கவில்லை. ஊன்றுகோலைத் தூக்கி முன்னால் வைத்தான்.