சுரங்கக் கதைக்கு ஒரு பொய் முடிவு

சூர்யகலாவுக்குப் பழிவாங்கியே தீர வேண்டும். பாடம் நடத்தச் சொன்னால் கதையளக்கிறாள் என்று, வேடசந்தூர்த் தனியார் பள்ளித் தாளாளர் பொன்னுச்சாமி ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னாலேயே கத்தி அவளை வேலையை விட்டு விரட்டினாரே, அதை மறக்க அவள் என்ன மரமா?

அவள் அளந்தது வெறும் கதையா! அந்தப் பிள்ளைகள் எதையும் மடமடவென்று வாசிப்பார்கள். வாசித்ததில் ஒரு வரி விளங்காது. அதற்காகவே அவள் எழுதிய சாகசக் கதை அது. மலைக்கோட்டைச் சுரங்கத்தில் மூன்று பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். தினம் ஒரு பக்கம் கொடுப்பாள். அடுத்து என்ன நடக்கும், எந்த வரியை வைத்து அப்படிச் சொல்கிறாய் என்று கேட்பாள். கடைசிப் பக்கம் கொடுப்பதற்குள் வேலை போய்விட்டது.

பிள்ளைகள் சும்மா விடுவார்களா? முடிவு என்ன என்று வீட்டில் பிய்த்தெடுத்தார்கள். மில்லுக்குப் போகிற பெற்றோர் தாளாளரைப் பிய்த்தெடுத்தார்கள். கடைசியில் பொன்னுச்சாமியே அகரம் ஊரில் அவள் வீட்டு வாசலில் வந்து நின்று பல்லைக் காட்டினார். ஆண்டு விழா மேடையில் தானே சொல்லிவிடுவதாகவும் முடிவை மட்டும் தந்தால் போதும் என்றும் கேட்டார். வேலையைப் பற்றி மூச்சுவிடவில்லை.

வந்து மாட்டினாயா என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டே, சூர்யகலா வாய்க்கு வந்த ஒரு முடிவை அடித்துவிட்டாள்.

ஆண்டு விழாவுக்கு அவளும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பொன்னுச்சாமி மைக்கைப் பிடித்து, தானே எழுதியவர் போல, சுரங்கத்தில் மாட்டிய பிள்ளைகள் கயிற்றைப் பிடித்து ஏறினார்கள், கோட்டைக் காவல்காரர் பாடி வழிகாட்டினார் என்று முழங்கினார். மில்லுக்குப் போகிற ஆண்டிச்சாமியின் மகள், ஐந்தாம் வகுப்புக் கீர்த்தனா எழுந்தாள். கயிறுதான் முந்தின பக்கத்திலேயே அறுந்துவிட்டதே, எதைப் பிடித்து ஏறினார்கள் என்று கேட்டாள். காவல்காரருக்குப் பேச்சே வராதே, எப்படிப் பாடினார் என்றான் அழகுராஜா. கதையை ஒரு தடவையாவது படித்திருந்தால்தானே அந்த மனுசனுக்குப் பதில் தெரியும்! பெற்றோர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. சூர்யகலாவுக்கு வயிறு குளிர்ந்தது. நன்றாக வேண்டும் அந்த ஆளுக்கு என்று வாய்விட்டே சொன்னாள்.

வாசலில் கீர்த்தனா வழிமறித்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"முடிவு ஒங்களுக்கு மட்டுந்தேன் தெரியும் மிஸ். சாருக்கு நீங்கதேன் தப்பாச் சொல்லிக் குடுத்திருக்கணும். அவரு மேல இருக்க கோவத்துல எங்க கதையக் கெடுத்துப்புட்டீங்கள்ல?"

சூர்யகலா, பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று கொண்டுவந்திருந்த கடைசிப் பக்கத்தைப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள்.

"வேணாம் மிஸ். நாங்களே முடிச்சுக்கிறோம்."

கீர்த்தனா போய் அப்பாவின் சைக்கிளில் ஏறிக்கொண்டாள். பொன்னுச்சாமி விரட்டியபோதுகூடச் சூர்யகலாவுக்கு இப்படி வலித்ததில்லை.