வால்நட்சத்திரத்தை முதலில் பார்த்தவர்

1

நான் உட்கார்ந்தது கதை எழுத அல்ல. ஒரு சிறுவர் அறிவியல் பத்திரிகை, பள்ளிப் பிள்ளைகளின் ஆய்வுத் திட்டங்களுக்கு உதவும் வானியல் இணையதளங்களைத் தொகுத்துத் தரச் சொல்லியிருந்தது. கோள்களின் படங்களுக்கு ஒன்று, கிரகண நேரங்களுக்கு ஒன்று என்று பாதிவரை வந்துவிட்டேன். ஊரப்பாக்கத்தில் எங்கள் மாடியில் குடியிருக்கும் சுஷ்மிதா அதை எட்டிப் பார்த்துவிட்டு, "நாங்க யூஸ் பண்ண சைட் இதுல இல்லையே" என்றாள். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் பெண். எந்த சைட், நாங்க என்றால் யார் யார் என்று கேட்டேன். அவள் சொல்லி முடித்த பிறகு தொகுப்பு வேலை நின்றுபோனது. பத்திரிகையிலிருந்து இரண்டு முறை நினைவூட்டினார்கள்.

பிறகு கருங்குழிக்குப் போய் மற்றவர்களையும் பார்த்தேன். அவர்கள் சொன்னதும் இவள் சொன்னதும் பெரும்பாலும் ஒத்துப்போகிறது. ஒத்துப்போகாத இடம் வரும்போது சொல்லிவிடுகிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'கோடிக்கணக்கான ஆண்டுகள் இருளில் உறைந்து கிடந்த ஒரு பனிக்கட்டி, செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு பிரவுசிங் சென்டரை நோக்கி...'

வேண்டாம். பனிக்கட்டி சூரியனை நோக்கித்தான் போனது. செங்கல்பட்டைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

அடுத்தது: '2002ஆம் ஆண்டு. சுஷ்மிதாவும் கவியாவும் செங்கல்பட்டில் ஒரே பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படித்தார்கள்.' இது பரவாயில்லை. இருக்கட்டும்.

மாவட்ட அளவில் மாணவர் ஆய்வுத் திட்டப் போட்டி ஒன்று வந்தது. இயற்பியல் ஆசிரியை வசுமதி இருவரையும் ஜோடி சேர்த்துவிட்டார். தலைப்பையும் அவரே சொன்னார். சூரியனையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு செயற்கைக்கோள் இருக்கிறது. அது எடுக்கும் படங்கள் அன்றன்றைக்கே இணையத்தில் வந்துவிடுகின்றன. சூரியனுக்குள் விழப்போகும் வால்நட்சத்திரங்கள் அவற்றில் அவ்வப்போது தெரியும். உலகத்தில் யார் வேண்டுமானாலும் தேடலாம். முதலில் கண்டு சொல்பவரின் பெயர் பட்டியலில் ஏறும்.

(அடிக்குறிப்பாகப் போட்டிருக்க வேண்டியது: அந்தப் படங்களில் சூரியன் தெரியாது. நடுவில் ஒரு வட்டத்தட்டு அதை மறைத்திருக்கும். ஒரே ஒரு படத்தில் மட்டும் இருக்கும் புள்ளி வெறும் பிசிறு. அடுத்தடுத்த படங்களில் ஒரே கோட்டில் நகர்ந்து தட்டை நெருங்கினால் அது வால்நட்சத்திரம். பெயர்தான் அப்படி, வால் பல சமயம் தெரியாது. இந்தக் கதைக்கு இவ்வளவு வானியல் போதும்.)

மாவட்டத்தில் ஜெயித்தால் மாநிலப் போட்டி. அதற்குத் தேர்வானவர்களைக் காவலூர் தொலைநோக்கியைப் பார்க்கக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். கவியாவுக்கு அதுதான் முக்கியம். அதுவரை அவள் வானத்தைத் தெருவில் நின்றும் பாடப்புத்தகத்திலும் மட்டுமே பார்த்திருந்தாள்.

3

சுஷ்மிதா வீட்டில் கம்ப்யூட்டரும் போன் லைனும் இருந்தன. கவியாவுக்கு பிரவுசிங் சென்டர்தான். அங்கே தடுப்புப் பலகை வைத்த சிறுசிறு அறைகள், ஒவ்வொன்றுக்கும் திரை. அந்தத் திரைகளுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. கவியாவின் அப்பா சாலமோனுக்கும் இருந்தது.

"நீ தனியா போவாத. நானும் வந்து குந்திக்கிறேன்" என்றார்.

சாலமோனை எழுதத் தயக்கமாக இருக்கிறது. கல்பாக்கத்துக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்டியவர். சாலையைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் என்று எழுதினால், அடுத்து என்ன நடக்கும் என்பது உங்களுக்கு இப்போதே தெரிந்துவிடும். ஒரு வரைவில் அவரை கிளார்க் ஆக்கினேன். கிளார்க் பேச மறுத்தார். ஆகவே டிரைவராகவே விட்டுவிடுகிறேன். கண்ணைப் பொறுத்தவரை, அவர் அப்போதே வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி போட்டிருந்தார்.

இன்னொன்றும் தற்செயல்தான். சுஷ்மிதாவின் அப்பா லக்ஷ்மிநாராயணன் கல்பாக்கத்தில் விஞ்ஞானி. தினமும் சாலமோனின் பஸ்ஸில்தான் போய்வந்தார். "வரேன் சார்", "சரிப்பா" என்பதைத் தாண்டி அவர்கள் பேசிக்கொண்டதில்லை.

4

சாயங்கால டிரிப் முடிந்து பஸ்ஸை விட்டுவிட்டு சாலமோன் காக்கிச் சட்டையோடு சென்டருக்கு வருவார். கடைக்காரர் ஜெபகுமார் முதல் நாளே, "அண்ணாத்த, ஸ்கிரீன கழட்டிட்றேன், நீ டென்ஷனாவாத" என்று திரையைக் கழற்றிவிட்டார். அப்பாவுக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்.

முதல் வாரம் அவர் கொட்டாவி விட்டார். இரண்டாவது வாரம் கேள்வி கேட்டார்.

"இன்னாம்மா இது, சூரியன்ற, நடுவுல ஓட்ட போட்டா மாதிரி கீது?"

"மறைச்சி வச்சிகிறாங்கப்பா. இல்லன்னா வெளிச்சத்துல ஒண்ணும் தெரியாது."

மூன்றாவது வாரம் அவர் ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். கவியா படங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டிக்கொண்டே போனாள். ஏற்கெனவே ஒருமுறை பார்த்து ஒன்றுமில்லை என்று முடிவு செய்த படங்கள்.

"நில்லு. பின்னாடி போ."

"இன்னாப்பா?"

"இந்தா, கீழ கீது பாரு. முன்ன இங்க இருந்துச்சி. இப்ப இங்க வந்துகினு கீது."

"அது பிசிறுப்பா."

"பிசிறு எங்கனா வரிசையா போவுமா?"

கவியா பின்னால் போனாள். முன்னால் வந்தாள். மறுபடியும். புள்ளி ஒரே கோட்டில் தட்டை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து நின்றுவிட்டதாக ஜெபகுமார் சொல்கிறார். தான் உட்கார்ந்தே இருந்ததாகக் கவியா சொல்கிறாள்.

ஒவ்வொரு படத்திலும் புள்ளி இருக்கும் இடத்தை அளந்தாள். அந்தப் படங்கள் வரும் இணையதளத்தில் பதிவு செய்திருந்தது சுஷ்மிதாவின் பெயரில். எனவே கடை போனில் அவளைக் கூப்பிட்டு எண்களைச் சொன்னாள். சுஷ்மிதா வீட்டிலிருந்து அனுப்பினாள். சில நாளில் பதில் வந்தது: வால்நட்சத்திரம்தான், வேறு யாரும் அதற்குமுன் சொல்லவில்லை. பட்டியலில் பெயர் ஏறியது. சுஷ்மிதா லக்ஷ்மிநாராயணன்.

5

பிரேயரில் கைதட்டினார்கள். இருவரையும் மேடையேற்றினார்கள். கண்டது யார் என்று யாரும் கேட்கவில்லை. வசுமதி டீச்சரிடம் மட்டும் கவியாவே சொன்னாள்.

டீச்சர் விதிமுறைத் தாளை எடுத்துக் காட்டினார். ஆய்வு முழுக்க மாணவர்களுடையதாக இருக்க வேண்டும், பெரியவர்கள் பங்கு இருந்தால் தகுதியில்லை. "நீங்களா போய் எதுவும் சொல்ல வேணாம். அளந்தது நீ, அனுப்பினது அவ. அதுதான் வேலை" என்றார். வசுமதி டீச்சரை வில்லியாக்கும் எண்ணம் எனக்கு இல்லை. அவர் சொன்னதில் பாதி எனக்கும் சரியாகவே படுகிறது.

வீட்டில் கவியா கேட்டாள்: "உம் பேர சொல்லலன்னா உனக்கு கோவம் வருமாப்பா?"

"எம் பேரு இன்னாத்துக்கு? நீ காவலூரு போய்ட்டு வா."

போட்டியில் அப்பாவைப் பற்றிச் சொல்வதில்லை என்று அவள் முடிவு செய்தாள். அந்த முடிவை சுஷ்மிதாவிடம் சொன்னாள். சுஷ்மிதா தலையாட்டினாள். எதற்குத் தலையாட்டினாள் என்பதில் இன்றுவரை இருவருக்கும் கருத்து வேறுபாடு.

6

போட்டி மாமல்லபுரத்தில் ஒரு பள்ளியில். கடல்காற்றில் சார்ட் பேப்பர்கள் பறந்தபடி இருந்ததால், எல்லா மேசையிலும் கல் வைத்திருந்தார்கள்.

இந்த இடத்துக்கு இரண்டு காட்சிகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் நடுவர் கேட்கவே இல்லை, பரிசு கிடைக்கிறது. இன்னொன்றில் கவியா நெஞ்சை நிமிர்த்தி "எங்கப்பா" என்கிறாள், அரங்கம்... அரங்கம் ஒன்றும் செய்திருக்காது. பக்கத்து மேசையில் ஒருவன் எரிமலை செய்து வைத்திருந்தான். எல்லோரும் அங்கேதான் நின்றார்கள்.

நடந்தது இதுதான். நடுவர் ஏசுபாதம், ஓய்வுபெற்ற பேராசிரியர், நல்ல மனிதர். எல்லாப் படங்களையும் பொறுமையாகப் பார்த்தார். பிறகு சுஷ்மிதாவைப் பார்த்து, "பட்டியல்ல இருக்கிறது உன் பேர்தானே? அந்தப் புள்ளிய முதல்ல பாத்தப்போ எப்படிம்மா இருந்தது?" என்று ஆசையாகக் கேட்டார்.

எதைச் சொல்வது என்று யோசித்ததாக சுஷ்மிதா சொல்கிறாள். அந்தப் புள்ளியை அவள் முதல்முறை பார்த்தது மறுநாள்தான்.

"நான் பாக்கல சார். கவியாவோட அப்பா பாத்தார்."

"அவர் என்ன பண்றார்?"

"பஸ் ஓட்றாரு" என்றாள் கவியா, தரையைப் பார்த்தபடி.

ஏசுபாதம் சிரித்தார். பிரமாதம் என்றார். அப்படிப்பட்ட அப்பாவை ஒருநாள் பார்க்க வேண்டும் என்றார். பிறகு தாளில் எதையோ அடித்துவிட்டு எரிமலைக்குப் போனார். எரிமலை தேர்வானது.

திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில்:

"நான் பொய் சொல்லணுமா கவி?"

"உனக்கு சொல்றது ஈஸி. உங்கப்பா நெனச்சா உன்ன காவலூருக்கு நாளைக்கே இட்டுனு போவாரு. எனக்கு வேற வழி இன்னா கீது?"

"உங்கப்பாவுக்குப் பெருமைதானே?"

"அவரு எங்கப்பா. அத நான் சொல்லிக்கிறேன். நீ யாரு சொல்றதுக்கு?"

கவியா அழுதாள் என்கிறாள் சுஷ்மிதா. கண்ணில் மணல் விழுந்தது என்கிறாள் கவியா. அன்று காற்று இருந்தது உண்மைதான்.

7

அதன்பிறகு வகுப்பில் இருவரும் வேறு வேறு பெஞ்ச்.

ஒரு சாயங்காலம், ஸ்டாஃப் பஸ் வந்து நிற்கும் இடத்தில் சுஷ்மிதா காத்திருந்தாள். எல்லோரும் இறங்கியபின் டிரைவர் பக்க ஜன்னலுக்கு வந்து, "சாரி அங்கிள்" என்றாள்.

"நீ பொய் சொல்லலம்மா. எனக்கு சந்தோசந்தான்" என்றார் சாலமோன். "ஆனா அவ மூஞ்சி வாடி கீது. அதுக்கு நான் இன்னா பண்ண, சொல்லு?"

லக்ஷ்மிநாராயணன் டிபன் பையோடு பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் மகள் அவரிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை. மறுநாள் காலை அவர் தன் வழக்கமான சீட்டை விட்டுவிட்டு டிரைவருக்குப் பின்சீட்டில் வந்து உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனபிறகு, "எந்த மூலைல தெரிஞ்சுது?" என்று கேட்டார். பூஞ்சேரி வரும்வரை சாலமோன் அதைச் சொல்லிக்கொண்டே ஓட்டினார்.

சுஷ்மிதா அந்தத் தளத்துக்காரர்களுக்கு எழுதினாள்: பட்டியலில் இருப்பது தவறான பெயர். அவர்கள் பணிவாகப் பதில் போட்டார்கள். மாற்றித் தருகிறோம், எந்தப் பெயரைப் போட வேண்டும்?

சுஷ்மிதா உடனே பதில் எழுத உட்கார்ந்தாள். எழுதவில்லை. அந்த மெயிலை பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கருங்குழியில் இருந்த கவியா வீட்டுக்குப் பஸ் ஏறினாள்.

கதவைத் திறந்தது கவியாவின் அம்மா சந்திரம்மா. ஆஸ்பத்திரியில் ஆயா வேலை, அன்று லீவு. "யாரு வந்துகிறாங்க பாரு" என்று உள்ளே குரல் கொடுத்தார். கவியா வந்து வாசலிலேயே நின்றாள்.

"பதில் வந்திருக்கு. பேர் கேக்கறாங்க" என்றாள் சுஷ்மிதா. "நான் எதுவும் எழுதல. நீயே சொல்லு."

கவியா தாளை வாங்கிப் படித்தாள். மறுபடியும் படித்தாள். பிறகு உள்ளே திரும்பி, "உம் பேரு போட்டா இன்னாப்பா?" என்றாள்.

சாலமோன் பனியனோடு எழுந்து வந்தார். "பாத்தது நானு, அவ்ளோதான். அளந்தது நீ. அனுப்புனது இந்தப் பொண்ணு. ஒரு சீட்ல மூணு பேரு குந்த முடியுமா?"

"ஒரு பேருதாம்பா கேக்கறாங்க."

"அப்ப நீங்களே முடிவு பண்ணுங்க."

"வெளியவே நிக்க வச்சி பேசிகினு கீற" என்றார் சந்திரம்மா மகளிடம்.

கவியா நகர்ந்து வழிவிட்டாள். "உள்ள வா. ஃபேன் அந்தாண்ட கீது, அங்க குந்து."

சுஷ்மிதா உள்ளே போனாள். அவர்கள் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். சண்டையும் போட்டுக்கொள்கிறார்கள். அதில் சந்தேகம் வைக்க வேண்டாம்.

8

பெயர் மட்டும் மீதி இருக்கிறது. மூவரையும் தனித்தனியாகக் கேட்டேன். மூவரும் தயங்காமல் சொன்னார்கள், மூன்று பதிலும் ஒன்றே. இந்தக் கதையில் அவர்கள் முழுதாக ஒத்துப்போன ஒரே இடம் அதுதான்.

அதை இங்கே எழுதினேன். அடித்தேன். எழுதியதும், மற்ற இருவரும் என் கண்முன்னாலேயே சிறியவர்களானார்கள். வேறொரு பெயரை எழுதிப் பார்த்தேன், அப்போதும் அதுவே நடந்தது. அந்த வீட்டுக்குள் அப்படி எதுவும் நடக்கவில்லை.

எனவே நீங்களும் உள்ளே வாருங்கள். பாயில் அந்தத் தாள் இருக்கிறது. ஒரு பக்கம் கவியா, ஒரு பக்கம் சுஷ்மிதா. சாலமோன் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறார். பேனா உங்களிடம். அவசரமில்லை, சந்திரம்மா இப்போதுதான் டீ போடப் போயிருக்கிறார்.