உதவி என்ற ஒரு சொல்

பதினான்கு வருஷத்துக்கு முன் செய்த தப்பை அவள் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குக் கண்டுபிடித்தாள். வீடியோ கேம் வசனங்களை மொழிபெயர்ப்பது அவள் வேலை. ஒன்பது பாகங்களாக நீண்டுவிட்ட ஒரு கப்பல் கதையின் இரண்டாம் பாகத்தைப் புதுப்பித்து வெளியிடுவதற்காக, பழைய வசனக் கோப்பை, இந்த முறை காட்சிகளோடு, அவளுக்கே அனுப்பியிருந்தார்கள்.

கடைசிக் காட்சியில் புயல். கப்பலின் பக்கவாட்டில் கயிற்றைப் பிடித்துத் தொங்குகிறான் கேப்டன். மேலே நிற்கும் தம்பி கயிற்றை அறுக்கிறான். விழுமுன் மூலத்தில் கேப்டன் சொல்வது: “நீ செஞ்சத மறக்க மாட்டேன்.” முதலில் மொழிபெயர்த்தபோது அவளுக்குப் படமும் கிடையாது, கதைச் சுருக்கமும் கிடையாது. வெறும் வரிகள், நாலு நாள் கெடு. யாரோ யாருக்கோ நன்றி சொல்கிறார்கள் என்று நினைத்து, “நீ செஞ்ச உதவிய மறக்க மாட்டேன்” என்று எழுதி அனுப்பிவிட்டாள்.

அந்த ஒரு சொல்லை வைத்து, தமிழில் விளையாடிய ரசிகர்கள் தனிக்கதையே கட்டியிருந்தார்கள். கப்பலில் இருந்த மற்றவர்களைக் காப்பாற்றத்தான் தம்பி அறுத்தான், கேப்டனுக்கும் அது புரிந்துவிட்டது என்று. ஐந்தாம் பாகத்தில் கேப்டனின் மகள் சித்தப்பாவைக் கொலைவெறியோடு தேடுகிறாள். பாவம், அவளுக்கு விஷயம் தெரியாது என்று பக்கம் பக்கமாக விளக்கியிருந்தார்கள். ரசிகர்களின் தளத்தில் அதையெல்லாம் ஒரு வரி விடாமல் படித்தாள்.

குழுத் தலைவரிடம் சொன்னாள். சத்தமில்லாமல் திருத்திவிடுங்கள், யார் கவனிக்கப் போகிறார்கள் என்றார். அப்படியே திருத்தினாள். புதுப் பதிப்பு வெளியான அன்றே எல்லோரும் கவனித்தார்கள். கம்பெனி கதையையே மாற்றிவிட்டது என்று கொதித்தார்கள். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள், மனசு கேட்கவில்லை. கதை மாறவில்லை, தப்பு என்னுடையது என்று அந்தத் தளத்திலேயே எழுதி, தன் தொலைபேசி எண்ணையும் போட்டாள். ஊர்வாயில் போய் நீயே விழுகிறாயே என்று கணவர் தலையில் அடித்துக்கொண்டார்.

திட்டத்தான் நிறையப் பேர் கூப்பிட்டார்கள். நாலாம் நாள் கூப்பிட்டவர் திட்டவில்லை. தான் ஒரு வெல்டர் என்றார். அண்ணனும் அவரும் சேர்ந்து நடத்திய பட்டறையிலிருந்து அண்ணன் ஒருநாள் அவரை வெளியே அனுப்பிவிட்டாராம். ஆறு வருஷம் பேச்சில்லை. கேம் விளையாடி அந்த ‘உதவி’ வரிக்கு வந்தபோது, அண்ணனுக்கும் ஒரு காரணம் இருந்திருக்குமோ என்று தோன்றி, நேரே போய்க் கேட்டிருக்கிறார்.

“குடிச்சிட்டு மெஷின்ல நிக்கிறியேடா, கை போயிடும்னு பயந்துட்டேன்னாருங்க. எனக்கு அது உறைக்கவே இல்ல அதுவரைக்கும்.”

வேண்டுமானால் பழைய வரியையே திரும்பப் போடச் சொல்லிக் கேட்டுப் பார்க்கிறேன் என்றாள், அது நடக்காது என்று தெரிந்தும்.

அந்தப் பக்கம் இரும்பில் இரும்பு உரசும் சத்தம் வந்தது.

“வேணாங்க. அந்தக் கேப்டன் பொண்ணு ஏன் அவ்ளோ கோவமா அலையுதுன்னு இத்தன வருஷமா எனக்கு இடிச்சிட்டேதான் இருந்துச்சு. அவங்கப்பா மன்னிக்கல. அதுதான் கதை. அதுல நாம கை வைக்கக் கூடாது.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “எனக்குப் பழக கொஞ்ச நாள் ஆகும், அவ்ளோதான்.”

வைத்துவிட்டார்.

சமையலறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். மூன்றாம் பாகத்துக்கும் வசனம் அவளுடையதுதான். அந்தக் கோப்பைத் திறந்து, பக்கத்துத் திரையில் கேமை ஓடவிட்டு, முதல் வரியிலிருந்து சரிபார்க்க ஆரம்பித்தாள்.