எதிராளியின் கட்டில்

அரசு மருத்துவமனைக்குக் கட்டில் செய்யும் டெண்டர் கைநழுவிப் போனதிலிருந்து கட்டில்காரர் எரிந்து விழாத ஆள் பாக்கியில்லை. கட்டில்காரர் என்பது ஊர் வைத்த பெயர். இரும்புக் கட்டிலைத் தவிர வேறு எதையும் செய்யத் தெரியாத, செய்ய விரும்பாத மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவது?

டெண்டரைத் தட்டிச் சென்றவன் வெள்ளைச் சட்டை. அவனுக்குப் பட்டறை கிடையாது. ஒரு மேசை, இரண்டு போன், மடிப்புக் கலையாத சட்டை, அவ்வளவுதான். போன வருஷம் பள்ளிக்கூடங்களுக்கு மின்விசிறி கொடுத்தான். அதற்கு முன்னால் சிறைச்சாலைக்கு வாளி.

"அவன் போட்ட விலைக்கு இரும்பே வாங்க முடியாது மாப்ளே. எவன் தலையில மிளகாய் அரைக்கறான்?" என்று வக்கீலிடம் குதித்தார் கட்டில்காரர். வக்கீல் அவர் மனைவியின் தம்பி. பீஸ் கேட்காத வக்கீல் என்பதால் வேறு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை.

"அப்போ அவன் குடுத்த சாம்பிள் மட்டமா இருக்கணும் மாமா. அதை வச்சு ஆட்சேப மனு போடலாம். நீங்க அதைப் பார்த்தீங்களா?"

"பார்க்க விட்டாத்தானே? எல்லா சாம்பிளையும் பேர் இல்லாம, வெறும் நம்பர் போட்டுப் பூட்டி வச்சிருக்காங்க. எதுக்குப் பார்க்கணும்? நான் சொல்றேன், நீ எழுது. வெல்டிங் பலவீனம். பெயின்ட் நகம் பட்டாலே உரியும். நோயாளி புரண்டு படுத்தா கால் கழண்டுடும்."

"பார்க்காமலே இவ்வளவு சொல்றீங்களே."

"கல்யாணத்துக்கு முன்னாடி உங்க அக்காவைக்கூட நான் பார்த்ததில்லை. சரியாத்தானே இருந்துச்சு?"

அடுப்படியிலிருந்து, "எனக்குச் சரியா இருந்துச்சான்னு யாராவது கேட்டீங்களா?" என்று அக்காவின் குரல் வந்தது. வக்கீல் சிரித்துக்கொண்டே மனுவை எழுதினான்.

சிரிக்கிற நிலைமையில் பட்டறை இல்லை. கையில் வேறு வேலை இல்லாமல் வெல்டர்கள் காலையில் வந்து, டீ குடித்து, மாலையில் போனார்கள். மூன்று பேர் ஏற்கெனவே வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். இந்த ஆர்டர் திரும்பி வராவிட்டால் பட்டறைக்குப் பூட்டுதான். அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், வாய்விட்டுச் சொல்லத்தான் ஆளில்லை.

விசாரணை நாளன்று சம்பந்தப்பட்டவர்கள் மட்டும் உள்ளே வரலாம் என்றார்கள். மனைவி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே, கோப்புக் கட்டுகளுக்கு நடுவே, விசாரணை அதிகாரியான அம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எதிரே வெள்ளைச் சட்டை கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். அறையின் நடுவில் அவனுடைய கட்டில், பளபளவென்று வெள்ளை நிறத்தில்.

"மனுவுல சொன்ன குறைகளை இதுல காட்டுங்க," என்றார் அதிகாரி.

கட்டில்காரர் முதலில் பிடித்து ஆட்டினார். கட்டில் அசையவில்லை. நகத்தால் சுரண்டினார். பெயின்ட் உரியவில்லை. பிறகு பட்டறையில் தினமும் செய்வதைச் செய்தார்: தரையில் மல்லாந்து படுத்து, கட்டிலுக்கு அடியில் நுழைந்தார். குமாஸ்தா எட்டிப் பார்த்தார்.

கால் சேரும் இடத்தைத் தடவிய விரல் அங்கேயே நின்றது.

வெல்டிங் செய்த இடத்தில் மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக வரி விழும். வெல்டரின் கை எந்தப் பக்கமாக நகர்கிறதோ அதற்கேற்ப அந்த வரி சாயும். இங்கே எல்லாமே எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன. அவர் பட்டறையில் கட்டில்கால் வைக்கிறவன் ஒருவன்தான். பீச்சாங்கை என்று கூப்பிடுவார்கள். இடது கையால் அவன் போடும் வெல்டிங்கைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் கட்டில்காரர் கண்டுபிடித்துவிடுவார்.

தலையில் தூசியோடு வெளியே வந்தார்.

"இது என் கட்டில்ங்க."

"மாமா, உட்காருங்க," என்று வக்கீல் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"என்னடா உட்கார்றது? என் பட்டறைக் கட்டில். நாங்க அடிச்ச பச்சை பெயின்டுக்கு மேல வெள்ளை அடிச்சுக் கொண்டாந்து வச்சிருக்கான்."

வெள்ளைச் சட்டை பதறவே இல்லை. "ஆமாம் மேடம், காசு குடுத்து வாங்கினேன். சப்ளை பண்ணணும்னுதான் டெண்டர்ல இருக்கு. சொந்தமாச் செய்யணும்னு இல்லையே."

அதிகாரி பக்கங்களைப் புரட்டினார். இல்லைதான்.

"சரிங்க, உங்க கட்டில்னே வச்சுக்குவோம்," என்றார் கட்டில்காரரிடம். "இதுல வெல்டிங் பலவீனமா?"

வக்கீல் கண்ணை மூடிக்கொண்டான். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். கட்டில்காரருக்கு அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

"யானை ஏறிப் படுத்தாலும் தாங்கும்ங்க."

"பெயின்ட்?"

"நாங்க அடிச்ச பெயின்ட் எங்கேயும் உரிஞ்சதில்லைங்க."

"எழுதிக்கோங்க," என்றார் அதிகாரி குமாஸ்தாவிடம்.

அடுத்தவர் கட்டிலைத் தன் சாம்பிளாகக் காட்டியதே தவறு என்று வக்கீல் எழுந்து வாதாடினான். அது மனுவில் இல்லாத புதுக் காரணம், சேர்ப்பதற்கான தேதி முடிந்துவிட்டது என்றார் அதிகாரி. மனு தள்ளுபடி. குறை சொல்ல வந்தவரே நற்சான்று கொடுத்துவிட்டுப் போனது அந்த அலுவலகத்தில் அதுதான் முதல் தடவையாம்.

வராந்தாவில் மனைவி எழுந்தாள். கணவரைக் கேட்க வாயெடுத்தவள், பின்னால் வந்த வெள்ளைச் சட்டையைப் பார்த்து நின்றாள்.

"தம்பி, அம்மா எப்படி இருக்காங்க?"

கட்டில்காரருக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் இரும்பு வாங்க வெளியூர் போன நாளில், அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறாள் என்று யாரோ வந்து கண் கலங்கினானாம். மனைவிதான் இரக்கப்பட்டு விலையைக் குறைத்து, மெத்தையையும் சும்மா கொடுத்து, வண்டியில் ஏற்றிவிட்டாள். அன்று ராத்திரி அதைப் பெருமையாகச் சொல்லவும் செய்தாள்.

"அம்மாவுக்கென்னக்கா, யோகா கிளாஸ் போறாங்க," என்றான் வெள்ளைச் சட்டை. பிறகு கட்டில்காரர் பக்கம் திரும்பினான். "அண்ணே, மனசுல வச்சுக்காதீங்க. எனக்கு யாராவது செஞ்சுதானே குடுக்கணும்? நீங்களே செய்யுங்க. விலை மட்டும் கொஞ்சம் இறங்கி வரணும்."

"இறங்கினா எனக்குக் கட்டாது."

"பைப்பை மெலிசாப் போடுங்க, கட்டும். சாம்பிள்தான் பாஸாயிடுச்சே. மத்ததையெல்லாம் எவன் கீழ படுத்துப் பார்க்கப் போறான்?"

"முடியாதுன்னு சொல்லுங்க," என்றாள் மனைவி. "நம்ம கையால அந்தப் பாவத்தைச் செய்ய வேண்டாம்."

கட்டில்காரர் அதைத்தான் சொல்லப் போனார். போன் அடித்தது. பீச்சாங்கை.

"முதலாளி, என்ன ஆச்சு? எல்லாரும் இங்கதான் நிக்கறோம். இரும்பு கேட் செய்யற பட்டறைக்காரர் திரும்ப ஆள் அனுப்பிட்டார், நாளைக்கே வரச் சொல்றார். உங்க வார்த்தைக்காகத்தான் நிக்கறேன்."

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் பார்வையைத் தாங்க முடியாமல் சுவரைப் பார்த்தார்.

"எங்கேயும் போகாதே," என்றார். "ஆர்டர் வந்துடுச்சு."

போனுக்குள் கூச்சல் கிளம்பியது. யாரோ தகரத்தைத் தட்டினார்கள். அது அடங்கட்டும் என்று காத்திருந்தார். அதற்குள் மனைவி படியிறங்கித் தெருவுக்குப் போய்விட்டாள்.

"பைப் அதே பைப்தானே முதலாளி?"

"இல்லை. கொஞ்சம் மெலிசு."

"மெலிசுன்னா வெல்டிங் வச்சதும் ஓட்டை விழுமே?"

"விழாம பார்த்துக்கோ," என்று போனை வைத்தார் கட்டில்காரர்.