சிவப்புப் பொட்டுக் கல்

வியன்னாவைச் சுற்றிப் பார்க்க வந்த மூன்றாம் நாளும் பேயாண்டி கல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மேலூர்ப் பக்கத்துக் குவாரியில் முப்பது வருஷம் மேஸ்திரியாக இருந்த மனுஷன் வேறெதைப் பார்ப்பார்? தங்கை மகள் பவதாரிணி ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, இது ராஜா இருந்த அரண்மனை, இது பல நூறு வருஷத்துத் தேவாலயம் என்று தொண்டை வற்றச் சொல்லிக்கொண்டு வந்தாள். அவரோ சுவரைத் தடவிப் பார்த்து, "மணல்கல்லு தாயி. ரொம்ப மெதுவு. நம்மூருல இத அம்மிக்குக்கூட எடுக்க மாட்டாக" என்று ஒரே போடாகப் போட்டார்.

தேவாலய வாசலில் அவர் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இங்க யாரும் கழட்ட மாட்டாக மாமா. மாட்டிக்கங்க, காலு வெறச்சுப் போகும்."

சாமி இருக்கிற இடத்துக்குள் ஷூவோடு போக அவருக்கு மனசு ஒப்பவில்லை. வந்த ஊருக்குத் தக்கபடி இருப்போம் என்று மாட்டிக்கொண்டார்.

அவள் சிரித்தாள், அவரால் சிரிக்க முடியவில்லை. வந்த முதல் நாளே அவர் நெஞ்சில் ஒரு முள் ஏறியிருந்தது. அவள் வீட்டு வாசலில், அழைப்பு மணிக்குப் பக்கத்தில், ஒரு பெயர் ஒட்டியிருந்தது. இங்கிலீஷ் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தார். கருத்தக்கண்ணன். அவளுடைய அப்பா. அவர் தங்கை தங்கப்பொண்ணுவின் புருஷன். செத்து இருபத்தாறு வருஷம் ஆகிறது.

"பாஸ்போர்ட்டுல அப்பா பேருதான் கடைசிப் பேரா இருக்கு மாமா. இங்க அதச் சொல்லித்தான் கூப்புடுவாக. முழுசாச் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரல, 'கருத்தா'ன்னு நிப்பாட்டிருவாக. நானும் திருத்துறதில்ல. குடிச்சிட்டுச் செத்த ஆளு பேரு பாதியாப் போனா என்ன?"

அன்று ராத்திரி பேயாண்டிக்குச் சோறு இறங்கவில்லை.

ஏனென்றால் கருத்தக்கண்ணன் குடித்துவிட்டுச் சாகவில்லை. குவாரியில் வெடி வைக்குமுன் சங்கு ஊத வேண்டும். கீழே இருப்பவர்கள் மேலே ஏறியபிறகுதான் திரியில் நெருப்பு வைக்க வேண்டும். அன்றைக்கு துறைமுகத்துக்குப் போகிற லாரி காத்துக்கிடக்கிறது என்று மேனேஜர் குதித்தார். சங்கு ஊதாமலே வைத்துவிட்டார்கள். கீழே பாறையில் துளை போட்டுக்கொண்டிருந்தவனுக்கு ஒன்றும் தெரியாது. மறுநாள், 'குடிபோதையில், தடுத்தும் கேளாமல் உள்ளே போனார்' என்று எழுதிய தாளை மேனேஜர் நீட்டினார். சாட்சியாகக் கையெழுத்துப் போட்டது பேயாண்டி. நிஜத்தைச் சொன்னால் மேஸ்திரி வேலை போய்விடும் என்ற பயம், அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு நியாயமும் அவரிடம் இல்லை.

அப்போது பவதாரிணிக்கு ரெண்டு வயசு. "புள்ளைய நெனைக்காமக் குடிச்ச ஆளுக்கு மாலை ஒண்ணுதான் கேடு" என்று தங்கப்பொண்ணு புருஷன் படத்தைப் பரணில் போட்டவள்தான். ஒரு வருஷத் திதிக்கும் அதை இறக்கியதில்லை. பிள்ளையைப் பள்ளிக்கூடம், காலேஜ் என்று ஆளாக்கியது பேயாண்டி. தாய்மாமன் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று ஊர் மெச்சியது. பாசமும் உண்டுதான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பிள்ளையின் முகத்தை நேராகப் பார்த்து அவர் பேசியதே இல்லை. ஊரின் கண்ணுக்கு அது படவில்லை.

மூன்றாம் நாள் மதியம் கால் கடுத்தது. ஒரு பெரிய ஆபீஸ் கட்டடத்தின் வாசற்படியில் உட்காரலாம் என்றாள் பவதாரிணி. உட்காரப் போனவர் பாதியில் நின்றுவிட்டார். இழைத்து வழவழப்பாக்கிய வெள்ளைக் கல். சோற்றில் குங்குமம் சிந்தினாற்போல உள்ளே சிவப்புப் பொட்டு. சட்டைப் பையிலிருந்து ஒரு காசை எடுத்துத் தட்டினார். குனிந்து காது கொடுத்தார். அந்தச் சத்தத்தை அவர் தூக்கத்திலும் அடையாளம் சொல்வார்.

கீழே இறங்கினார். நடைபாதையில் நின்றபடியே ஷூவைக் கழற்றினார். காலுறையையும் உருவினார். வெறுங்காலோடு படியேறி நின்றார்.

"மாமா, இது கோயில் இல்ல. ஆபீசு."

"தெரியும் தாயி."

"பெறகு எதுக்குக் கழட்டுனீக?"

"இது நம்ம மலைக்கல்லு. இந்தப் பொட்டு வேற எந்த மலைக்கும் கெடையாது. ஒங்கப்பன் ஒடச்ச கல்லு. இதுமேல நான் செருப்புக் காலோட நிக்கக் கூடாது."

"அவருமேல ஒங்களுக்கு இம்புட்டு மரியாதையா?" என்று கேட்டாள். குரலில் கொஞ்சம் கேலி இருந்தது.

அப்போதுதான் பேயாண்டி முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"மாப்ள குடிக்கல தாயி. அன்னைக்கு ஒரு சொட்டு குடிக்கல. சங்கு ஊதாம வெடி வச்சுப்புட்டாக. குடிச்சிருந்தான்னு பொய்க் கையெழுத்துப் போட்டது நாந்தான்."

தெருவில் ஒரு டிராம் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிற்று.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

போனை எடுத்து எண்ணை அழுத்தி அவர் கையில் வைத்தாள். "சொல்லுங்க."

"ஊருக்குப் போயி நேருல சொல்லிருதேனே..."

"இருபத்தாறு வருசமா ஊருலதான இருந்தீக?"

அவர் போனைக் காதில் வைத்தார். அங்கே தங்கப்பொண்ணு எடுத்துவிட்டாள். "அண்ணே! அரமனையெல்லாம் பாத்துட்டியா? குளுரு எம்புட்டு இருக்கு?"

அவர் சொன்னார். மகளிடம் சொன்ன அதே சொற்களைத்தான் சொன்னார். இரண்டாம் தடவை சொல்லும்போது லேசாக இருக்கும் என்று நினைத்திருந்தார், இல்லை. அந்தப் பக்கம் ஓர் ஆட்டுக்குட்டி கத்துவது மட்டும் வெகுநேரம் கேட்டது.

"எத்தன நாளு என் கையால ஒனக்குச் சோறு போட்டிருப்பேன்ணே" என்றாள் தங்கப்பொண்ணு. பிறகு, "புள்ளகிட்டக் குடு" என்றாள்.

பவதாரிணி போனை வாங்கிக்கொண்டு நாலு எட்டுத் தள்ளிப் போனாள். "அம்மா, அழாத. மொதல்ல பரணுல ஏறி அப்பா படத்த எடு" என்று சொன்னது காதில் விழுந்தது. பேயாண்டி படியில் உட்கார்ந்தார். கால் விறைத்துப்போய் மரத்துக்கொண்டிருந்தது. ஷூவை எடுக்கவில்லை.

கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு ஒரு காவலாள் வந்தான். வெறுங்காலோடு படியில் உட்கார்ந்திருக்கும் கறுத்த கிழவரை மேலும் கீழும் பார்த்து என்னவோ கேட்டான். பவதாரிணி போனைக் காதிலிருந்து எடுக்காமலே வந்து அவருக்கும் அவனுக்கும் நடுவில் நின்றாள். அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் மறுபடி கேட்டான். பேர் கேட்கிறான்போல, அவள் சொன்னாள். அவன் "கருத்தா..." என்று இழுத்து நிறுத்தினான்.

அவள் தலையை ஆட்டி மறுத்தாள். மறுபடி சொன்னாள், நிறுத்தி நிதானமாக, ஓர் எழுத்தையும் விடாமல். அவன் தடுமாறினான். அவள் விடவில்லை, அவன் வாயில் அது முழுசாக வரும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அவர்கள் பேசியதில் பேயாண்டிக்குப் புரிந்தது அந்த ஒரு பேர்தான். கருத்தக்கண்ணன்.