வெற்றிலை வாங்கிய கை

1974-ஆம் வருஷம் ஆடி முதல் வெள்ளியன்று புதுவாயலில் செத்துப்போன கிட்டார்காரன் குப்பனின் வலது கை, அதன் பிறகு பத்து ஊர்க் கச்சேரிக்குத் தவறாமல் வந்து வாசித்தது. வாசித்த கையோடு முன்னூற்றுப் பதினேழு பேரைக் கன்னத்தில் அறைந்தது. இடது கை வரவில்லை. அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்தில் ஆடித் திருவிழாவுக்கு ஆள் பேசும்போது ஊர்ப் பெரியவர்கள் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நீட்டுவார்கள். வலது கையால் எடுத்துக்கொண்டால் வாக்குக் கொடுத்தாயிற்று. அப்புறம் வீட்டில் இழவு விழுந்தாலும் சரி, காலரா வந்தாலும் சரி, போய் வாசித்தே ஆக வேண்டும். அந்த வருஷம் பதினோரு ஊர்த் தட்டிலிருந்து வெற்றிலையை எடுத்தது குப்பனின் வலது கை. முதல் ஊரிலேயே ஆள் போய்விட்டான், மீதி பத்துக்கும் கை வந்தது. அவ்வளவுதான் விஷயம். உடம்பை எரித்தபோது இரண்டு கையும் சேர்ந்துதான் எரிந்தன என்று வெட்டியான் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தான். அதையும் யாரும் மறுக்கவில்லை.

செவ்வாப்பேட்டை ராக்கெட்ஸ் என்பது அந்தக் குழுவுக்குப் பெயர். ஆரம்பித்தது 1963-இல், கும்மிடிப்பூண்டி ரோட்டோரம் இருந்த ஒரு இரும்படிக்கும் பட்டறையில். குப்பன் அங்கே தலைக் கொல்லன், கலியன் சம்மட்டி போடுகிறவன். அந்த வேலையில் பேச்சுக்கு இடமில்லை. காய்ச்சிய இரும்பைக் குறட்டால் பிடித்துக்கொண்டு குப்பன் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டுவான்; தட்டிய இடத்தில் கலியனின் சம்மட்டி விழ வேண்டும். இரும்பை எடுத்துவிட்டு, அதைத் தாங்கியிருந்த வெறும் அடைகல்லில் இரண்டு தட்டு தட்டினால், முடிந்தது முடிந்தது, அடுத்த இரும்பை எடு என்று அர்த்தம். தாளம் அரை மாத்திரை தப்பினால் ஒருவன் விரல் போகும். ஆகவே தப்பியபோதெல்லாம் குப்பன் கலியனைக் கன்னத்தில் ஓர் அறை விடுவான். கோபம் ஒன்றும் கிடையாது, கரி அள்ளிப் போடுவது போல அதுவும் ஒரு வேலை. பெரம்பூர்ப் பக்கம் ரயில்வேயில் இருந்த சட்டைக்கார, அதாவது ஆங்கிலோ இந்தியப் பையன்கள் கிட்டாரைக் கரண்டில் சொருகி வாசிப்பதைப் பார்த்துவிட்டு வந்து, பூவரசம் பலகையை அறுத்து, பழைய ரேடியோவின் கம்பிச்சுருளை உள்ளே வைத்து, குப்பன் தானே ஒரு கிட்டார் செய்தான். கலியன் டிரம்ஸில் உட்கார்ந்தான். ஆவடிக்கு வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்த ஆசீர்வாதம் பெரிய கிட்டாரைத் தொம்தொம் என்று போட வந்தான். பூவராகவன் பாடினான். அவன் பாடியது இங்கிலீஷ் மாதிரியே இருக்கும், இங்கிலீஷ் அல்ல. கூழ் குடித்துவிட்டு வெயிலில் உட்கார்ந்திருக்கும் ஜனத்துக்கு அந்த வித்தியாசம் தேவைப்படவில்லை.

கச்சேரி எப்போதும் மத்தியானம்தான், கூழ் ஊற்றி முடிந்த பிறகு. ஆம்ப்ளிஃபயருக்கு வேண்டிய கரண்ட் பம்புசெட் கொட்டகையிலிருந்து வர வேண்டும். பம்புசெட்டுக்கு கரண்ட் விடுவது பகலில். பதினோரு வருஷத்தில் நூற்றுச் சொச்சம் ஊர், அதில் பாதியில் மண்டை உடைந்தது. ராக்கெட்ஸ் வாசித்தால் எந்தச் சாதுவுக்கும் பக்கத்திலிருப்பவனை அடிக்கத் தோன்றும் என்று ஒரு பேச்சு உண்டு. மேடையிலும் அதே கதைதான். பட்டறைப் பழக்கம் விடவில்லை. கலியன் தாளம் தப்பினால் குப்பன் வாசித்துக்கொண்டே நடந்து வந்து அறைந்துவிட்டுப் போய், விட்ட இடத்தில் பிடித்துக்கொள்வான். ஜனம் விசிலடிக்கும்.

புதுவாயலில் நடந்ததும் அதேதான். ஆனால் அன்றைக்கு முன்வரிசையில் கலியனின் மூன்று மச்சான்கள் உட்கார்ந்திருந்தார்கள். அறை விழுந்ததும் அவர்கள் சிரித்தார்கள். அந்தச் சமயம் பார்த்து, கிட்டாருக்கு முதல் மாலை யார் போடுவது என்று இரண்டு தெருக்காரர்களுக்குள் தகராறு மூண்டு, கோலி சோடா பாட்டில்கள் பறக்க ஆரம்பித்தன. ஒருவன் காது அறுந்தது, ஒருவன் கால் முட்டி பெயர்ந்தது, அடுப்பில் மிச்சமிருந்த கூழ்ப்பானை கவிழ்ந்து நாலு பேர் வெந்தார்கள். ஒரு பாட்டில் உடையாமல் உருண்டு வந்து கலியனின் காலடியில் நின்றது. கலியன் அதை எடுத்தான், நன்றாகக் குலுக்கினான், எறிந்தான். அது குப்பனின் வலது காதுக்குப் பின்னால் வெடித்தது. குப்பன் பாட்டை முடித்துவிட்டுத்தான் விழுந்தான். பாட்டில் கூட்டத்திலிருந்து வந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். கலியனும் சொன்னான்.

குப்பனின் பெண்சாதி அங்காளம்மாள் மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்து, "வெத்தல எட்த்தாச்சு, போய் வாசிங்க" என்றாள். இரண்டாவது ஊரில் நாற்காலி போட்டுக் கிட்டாரைச் சும்மா சார்த்தி வைத்தார்கள். மூன்றாவது பாட்டில் கை வந்தது. மணிக்கட்டோடு முடிந்துவிடும் கை, முடிந்த இடம் சீவிய நுங்கு போலச் சுத்தம். நெருப்புப் பொறி பட்ட தழும்புகள், செப்பு மோதிரம், எல்லாம் அப்படியே. கை கம்பியை மீட்டியதே தவிர, அழுத்திப் பிடிக்க ஆளில்லை. பூவராகவன் நாற்காலிக்குப் பக்கத்தில் முட்டி போட்டு, பாடிக்கொண்டே கம்பியை அழுத்தக் கற்றுக்கொண்டான். ஜனம் ஒரு நிமிஷம் பார்த்தது, பிறகு கைதட்டியது. தட்டிய கூட்டத்துக்குள் கை பாய்ந்து சென்று இருபத்தாறு பேரை அறைந்துவிட்டுத் திரும்பி வந்து மிச்சத்தை வாசித்தது. அறை வாங்கியவன் பக்கத்திலிருந்தவன்தான் அடித்தான் என்று அவனைக் குத்த, அவன் இவனைக் கடிக்க, வேலிக்கழிகள் பிடுங்கப்பட்டன. அன்று பதினொரு மண்டை, ஒரு தாடை.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஊரிலும் இதே கணக்கு. பழவேற்காட்டுப் பக்கத்து மீன்பிடிக் குப்பத்தில் துடுப்பால் அடித்துக்கொண்டார்கள். ஏரியில் நாரைகள் இரண்டு நாள் இறங்கவில்லை. ஒரு ஊரில் மணியக்காரர் அறை வாங்கினார், ஒரு ஊரில் பந்தோபஸ்துக்கு வந்த ஏட்டு தொப்பி பறக்க வாங்கினார். ஆசீர்வாதத்துக்குத் தினம் இரண்டு நிச்சயம். அவன் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டே மேடை ஏறுவான். கை தன்னைக் கொன்றவனைத் தேடுகிறது என்று ஜனம் முடிவுகட்டியது. அறை வாங்கியவர்கள் எல்லாம் புதுவாயலில் பாட்டில் எறிந்தவர்கள் என்றார்கள். வாங்கியவர்களில் பாதிப் பேர் புதுவாயலைப் பார்த்ததே இல்லை என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கலியன் மேல் மட்டும் ஓர் அறைகூட விழவில்லை. ஒவ்வொரு மத்தியானமும் கன்னத்தைச் சுத்தமாகச் சவரம் செய்துகொண்டு போய் உட்கார்ந்தான். பயத்தில் அவன் கை இரும்பாகிவிட்டது. பதினோரு வருஷத்தில் வாசிக்காத வாசிப்பு வாசித்தான், ஒரு தட்டு பிசகவில்லை. கை அவனைத் தாண்டிப் போகும். காற்று மட்டும் கன்னத்தில் படும். எல்லோருக்கும் சில்லறையாகக் கொடுத்துவிட்டுத் தனக்கு மொத்தமாகச் சேர்த்து வைத்திருக்கிறது என்று அவனுக்குப் பட்டது. அதைவிட இன்னொரு பயம் பெரிதாக வளர்ந்தது: பதினோராவது ஊர் முடிந்தால் வாக்கு முடியும், கை போய்விடும். அடிக்காமல் போய்விட்டால்? அந்த அடியைச் சாகிற மட்டும் கன்னத்தில் எதிர்பார்த்துக்கொண்டு எப்படி இருப்பது?

அங்காளம்மாள் எல்லா ஊருக்கும் கூடவே வந்தாள். கச்சேரி முடிந்ததும் கை அவள் மடியில் வந்து அமரும். பட்டறை நாட்களில் செய்தது போலத் தேங்காயெண்ணெய் தடவி ஒவ்வொரு விரலாக நீவிவிடுவாள். நீவ நீவ அது கரைந்து போகும். ஒன்பதாவது ஊரில் எண்ணெய்க் கிண்ணத்தை மூடிக்கொண்டே கேட்டாள்: "ஊர்ல இருக்கிற அத்தினி பேரையும் அட்ச்சிக்கினு கீது. உன்ன மட்டும் தொட மாட்டேங்குதே, இன்னா கலியா?"

"நான் அண்ணாத்தைக்குத் தம்பி மாதிரி இல்லியா அண்ணி" என்றான் கலியன்.

"தம்பின்னா மொதல்ல உனக்குத்தான உழணும்?" என்றாள் அவள்.

பத்தாவது ஊர் திருவாலங்காடு. மூன்றாவது பாட்டு முடிந்து கை நாற்பது பேரை அறைந்து திரும்பியதும், கலியன் எழுந்து போய் பூவராகவனிடமிருந்து மைக்கைப் பிடுங்கினான்.

"புதுவாயல்ல அண்ணாத்த மேல பாட்டல் உட்டது எவனும் இல்ல, நாந்தான்" என்றான். "அண்ணாத்த, அடி. எனக்கு முடியல. அட்ச்சுட்டுப் போ."

கன்னத்தைத் திருப்பி நாற்காலி முன்னால் மண்டியிட்டான். கை ஒரு கம்பியை முறுக்கிச் சுதி சேர்த்தது. வேறொன்றும் செய்யவில்லை. செய்தது உயிரோடிருந்தவர்கள். முதல் அடி பூவராகவனுடையது, மைக் ஸ்டாண்டால். அடுத்தது ஆசீர்வாதம், பெல்ட்டால். பிறகு ஊரே மேடை ஏறியது; பலகை தாங்காமல் மேடை இறங்கியது; இறங்கிய இடத்திலும் விடாமல் அடித்தார்கள். மூன்று பல் போயிற்று, விலா இரண்டு, இடது கை முழங்கைக்குக் கீழே இரண்டு துண்டு. கடைசியில் அங்காளம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அவள் அழவில்லை. அவன் முகத்தைப் பார்த்தபோது கையிலிருந்த எண்ணெய்க் கிண்ணம் நசுங்கியது என்கிறார்கள், பித்தளைக் கிண்ணம்.

"போதும் உடுங்க" என்றாள். "இன்னும் ஒரு ஊரு பாக்கி கீது. இவன் செத்தா எவன் தட்றது? உங்கப்பனா?"

பதினோராவது ஊர் செவ்வாப்பேட்டை, சொந்த ஊர். கலியனை ஒரு மாட்டு வண்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். இடது கைக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. ஒரு கண் மூடியிருந்தது. உட்கார்ந்து ஒற்றைக் கையால் தட்டினான். ஸ்டேஷன் வரைக்கும் ஜனம். கொலைகாரனுக்குக் கை என்ன செய்யப்போகிறது என்று பார்க்க அரக்கோணம் லோக்கலில் வந்து இறங்கியவர்களே நானூறு பேர். மூன்றாவது பாட்டு, கிட்டார் தனியாக ஏறி விளையாடும் இடம். அங்கே டிரம்ஸில் இரண்டு கைக்கு வேலை. கலியன் வலது கையைப் போட்டான், இடது கைக்கு உத்தரவு போட்டான், அது அசையவில்லை. ஒரு தட்டு தப்பியது.

அறை விழுந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு, தண்டவாளத்தில் பட்டாசு வைத்து நிறுத்தச் சொல்கிறார்கள் என்று எண்ணி லோக்கல் டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டார். கலியன் டிரம்ஸோடு பின்னால் உருண்டான். கன்னத்தில் ஐந்து விரலும் மோதிரமும் அச்சுப் போட்டது போலப் பதிந்திருந்தன. கை திரும்பிப் போய் விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டது.

கலியன் தரையில் கிடந்தபடியே கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான். இந்த அறை அவனுக்குப் பழக்கமானது. மணிக்கட்டு மட்டும் சுழலும், கட்டைவிரல் கொஞ்சம் தாமதமாக வந்து சேரும். பட்டறையில் ஆயிரம் வாங்கியிருக்கிறான். கொன்றவனுக்கு விடுகிற அறை இப்படி இருக்காது. ஆசீர்வாதம் பெரிய கிட்டாரை இறக்கி வைத்துவிட்டு வாயைப் பிளந்து நின்றான்.

"அடப்பாவி, தாளத்துக்குடா!" என்று கத்தினான். "இத்தினி நாளா தாளம் தப்பினவனத்தான்டா அட்ச்சினு கீறாரு! கைதட்றவனுங்க தப்புத் தப்பாத் தட்னானுங்க, வாங்கினானுங்க. நான் எப்பவும் இழுப்பேன், தினம் ரெண்டு வாங்கினேன். நீ ஒருத்தன்தான்டா பேஜாரு இல்லாம சரியாத் தட்னே!"

கலியன் தவழ்ந்து நாற்காலியிடம் போனான். "அப்போ பாட்டலுக்கு, அண்ணாத்த?" என்று கேட்டான். "அதுக்கு எங்க அடி?"

கை நாற்காலிச் சட்டத்தில் இரண்டு தட்டுத் தட்டியது. டக், டக். ஜனத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. அது வெறும் அடைகல்லில் தட்டுகிற தட்டு. கலியன் ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் எழுந்து டிரம்ஸை நிமிர்த்தி உட்கார்ந்தான். மிச்சப் பாட்டை அழுதுகொண்டே வாசித்தான். அன்று அடிதடி நடக்கவில்லை. ராக்கெட்ஸ் சரித்திரத்தில் அது ஒன்றுதான் அப்படி.

கடைசிப் பாட்டு முடிந்து கை மங்கத் தொடங்கியபோது, அங்காளம்மாள் முந்தானையிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்து ஒரு தட்டில் வைத்து நீட்டினாள். "வர்ற ஆடிக்கு" என்றாள். "பதினோரு ஊரு. நானே பேசி உடறேன்." கை கொஞ்சம் தயங்கியது. பிறகு வெற்றிலையை எடுத்துக்கொண்டு மறைந்தது. அவள் கலியன் பக்கம் திரும்பினாள். "உனக்குச் சாவ உத்தரவு இல்ல. ஊர உட்டு ஓடவும் உத்தரவு இல்ல. அவரு வர்ற மட்டும் நீ தட்டணும். நான் உன்ன மன்னிக்கல, அத்தையும் தெரிஞ்சிக்கோ." கலியன் தலையாட்டினான்.

கொலைக் கேஸ் ஒன்று நடக்கத்தான் நடந்தது. செத்தவன் அதற்கப்புறம் பத்து ஊரில் கச்சேரி செய்ததற்கு ஆயிரக்கணக்கில் சாட்சி இருந்ததால் அது நிற்கவில்லை. அடுத்த ஆடிக்குள் கலியனின் இடது கை கூடிவிட்டது, கொஞ்சம் கோணலாக. அதற்குப் பிறகு வருஷா வருஷம் பதினோரு ஊரிலும், மூன்றாவது பாட்டில் அதே இடம் வரும்போது, அவன் வேண்டுமென்றே ஒரு தட்டு விடுவான், அறை விழும், துடைத்துக்கொண்டு வாசிப்பான். ஒவ்வொரு ஆடி முடிவிலும் அங்காளம்மாள் தட்டு நீட்டுவாள், கை எடுத்துக்கொள்ளும். 1976 முதல் திருவிழா நோட்டீசில், கூழ் ஊற்றும் நேரத்துக்குக் கீழே, ஒரு வரி சேர்த்து அச்சடித்தார்கள்: கைதட்டுவோர் தாளத்தோடு தட்டவும்; தெரியாதவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவும்.