ஏரிக்கு எட்டிய இணையம்

அலைக்கற்றையைக் கம்பெனிக்குச் சலுகை விலையில் கொடுத்தபோது அரசாங்கம் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டது. இணையமே எட்டாத முன்னூற்றுப் பன்னிரண்டு கிராமங்களுக்கும் இரண்டு வருடத்துக்குள் மலிவான இணையம் போய்ச் சேர வேண்டும். நல்ல நிபந்தனைதான். அதோடு நிறுத்தியிருந்தால் உருப்பட்டிருக்கும். கிராமம் என்றால் எது என்று ஒரு புத்திசாலி கேட்டான். எல்லைக்கோட்டுக்குள் நட்டநடுவில் விழும் புள்ளிதான் கிராமம் என்று இன்னொரு புத்திசாலி பதில் எழுதினான். புள்ளியில் சிக்னல் இருந்தால் கிராமத்தில் இருக்கிறது. அங்கே மனுஷன் இருக்கிறானா என்று பார்க்க ஒரு மடையனுக்கும் தோன்றவில்லை.

அளவைப் பொறியாளருக்கு இந்தக் கூத்தெல்லாம் அத்துப்படி. ஒழுங்குமுறை ஆணையத்தின் அளவுக்கருவியைத் தூக்கிக்கொண்டு பதினோரு வருடமாக ஊர் ஊராக அலைகிறவள் அவள்தான். கல் உடைக்கிற பள்ளம், முள்ளுக்காடு என்று புள்ளி விழுந்த இடமெல்லாம் நின்று அளந்து, வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறாள். பட்டியலின் கடைசிக் கிராமத்துக்குப் புள்ளி ஏரியின் நடுவில் விழுந்திருந்தது. அவளுடைய அக்கா நர்ஸாக வேலை பார்க்கிற கிராமம் அது.

படகில் போய் அளந்தாள். சிக்னல் கோடு நான்கும் நிறைந்து நின்றன. கம்பெனி எதிர்க்கரையில், ஏரியைப் பார்த்தபடி கோபுரம் நட்டிருந்தது. வீடுகளோ இந்தக் கரையில், குன்றுக்குப் பின்னால். நூற்று நாற்பது வாசலிலும் ஏறி இறங்கிப் பார்த்தாள். ஒரு வாசலில்கூட ஒரு கோடு இல்லை. அதிவேக இணையமெல்லாம் மீன்களுக்குத்தான்.

அறிக்கை ‘சரி’ என்று போய்விட்டால் கம்பெனியின் கடமை முடிந்தது. உரிமக் காலம் இருபது வருடம். அதுவரை குன்றுக்கு இந்தப் பக்கம் இன்னொரு கோபுரம் வைக்கச் சொல்லி யாரும் கேட்க முடியாது. இந்தத் தடவை கையெழுத்துப் போடுவதில்லை என்று அவள் முடிவு கட்டினாள்.

ஆணைய இயக்குநரின் அறையில் கூட்டம் நடந்தது. கம்பெனிக்காரர் முன்னதாகவே வந்து பிஸ்கட்டில் பாதியைக் காலி செய்திருந்தார்.

“வாசல் வாசலா அளக்கச் சொல்லி உங்களுக்கு யாரும்மா சொன்னது?” என்றார் இயக்குநர்.

“ஆளுங்க அங்கதான சார் இருக்காங்க.”

“படிவத்துல அதுக்கு இடமில்லையே.” சொன்னதோடு விடாமல் படிவத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். அந்த மனிதருக்குப் பின்பக்கத்திலும் மூளை கிடைக்கவில்லை.

கம்பெனிக்காரர் மடிக்கணினியைத் திறந்தார். “ஏரிப் புள்ளியில தினமும் காலைல பதினொரு மணிக்கு ஒரு வீடியோ கால் போகுது சார். ரெண்டு மாசமா ஒரு நாள் தவறல. ஜனங்க பயன்படுத்துறாங்க.”

“அது எங்கக்கா,” என்றாள் அவள். “நோயாளியப் படகுல ஏத்திக்கிட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டுறா. ஊருக்குள்ள சிக்னல் இல்லாததாலதான்.”

“அடடா, அருமை மேடம்! எங்க ஆண்டறிக்கைல போடலாமே. படகோட ஒரு போட்டோ கிடைக்குமா?”

அவளுக்கு அந்த மடிக்கணினியை மூடி அவர் தலையில் வைக்க வேண்டும் போலிருந்தது. இயக்குநருக்கோ முகமெல்லாம் பல். “பயன்பாடு இருக்கே, அப்புறம் என்ன? முப்பது நாள் ஒருத்தரும் பேசாம இருந்தாதான் மறு ஆய்வு. விதி அப்படித்தாம்மா இருக்கு.”

அந்த ஒரு வரியை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் பதினொரு மணிக்குச் சற்று முன்னால் அக்காவைக் கூப்பிட்டாள். படகு புள்ளிக்கு வந்திருந்தது; உடனே எடுத்தாள்.

“அக்கா, ஒரு மாசம் ஏரிக்குப் போகாத. வேற யாரும் போகாம பாத்துக்கோ. முப்பது நாள் கால் போகலன்னா மறு ஆய்வு வரும், ஊர்ல சிக்னல் இல்லன்னு எழுதிடலாம். ஊருக்குள்ளயே கோபுரம் வரும்.”

“என் முன்னாடி ஏழு மாசப் புள்ளத்தாச்சி உக்காந்திருக்கா. காலு ரெண்டும் வீங்கிக் கெடக்கு, தலை சுத்துதுங்கறா. இவள முப்பது நாள் எங்கடி நிறுத்தி வைக்கிறது?”

“விதி அப்படித்தான்க்கா இருக்கு.”

அந்தப் பக்கம் துடுப்பைப் படகுக்குள் போடும் சத்தம் கேட்டது.

“தண்ணிக்குள்ள புள்ளி வெச்சவன் எங்க மூஞ்சியப் பாத்ததில்ல. அவன விடு. நீ இந்த ஊர்ல வீடு வீடா தண்ணி வாங்கிக் குடிச்சவ. நீ எங்கள வாய மூடிக்கிட்டு இருங்கற. வை போன. டாக்டர் வந்துருவாரு.”

அறிக்கையில் கையெழுத்தை அவள் போடவில்லை. பக்கத்து அறைப் பொறியாளர் போட்டார், பேனாவைக்கூட அவள் மேஜையிலிருந்துதான் எடுத்துக்கொண்டார். அன்று முழுக்க அவள் இடத்தைவிட்டு எழவில்லை. இயக்குநரைப் பற்றி இத்தனை வருடமாக மனதுக்குள் திட்டிவந்த ஒவ்வொரு வார்த்தையையும் எடுத்துத் தனக்குப் பொருந்துகிறதா என்று பார்த்தாள். எல்லாமே பொருந்தின.